நெற்றியில் கண்ட வெள்ளை

பிள்ளைகளைச் சுற்றிக் கட்டுவதில் நான் கெட்டிக்காரி. இதைக் கேட்டு உங்களில் சிலர் முகத்தைச் சுளிப்பீர்கள். சுளித்தால் சுளியுங்கள். நீங்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் இப்போது அப்படி ஒரு வேலையே இல்லை. எங்கள் காலத்தில் அது தனித் திறமை.

வெட்டுக்காயத்தோடு ஒரு பிள்ளை வரும். தைக்க வேண்டும். அது கத்தும், உதைக்கும், வாய்ப்புக் கிடைத்தால் கடிக்கும். கட்டில் விரிப்பை மூலைக்கு மூலை மடித்து, பிள்ளையை அதில் கிடத்தி, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு இறுக்கிச் சுற்றினால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். பிறகு ஒருவர் காலைப் பிடிப்பார், ஒருவர் நெஞ்சை அமத்துவார், நான் தலையைப் பிடிப்பேன். டொக்டர் விறைப்பு ஊசியைக் காயத்துக்குள்ளேயே ஏற்றுவார். தைப்பதைவிட அந்த ஊசிதான் நோவு. இரண்டு இழைதானே என்று அந்த ஊசியும் போடாமல் தைத்த நாட்களும் உண்டு. வெள்ளவத்தையில் நான் வேலை செய்த சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குப் ‘பொட்டலம் மிஸ்ஸி’ என்றே பெயர்; தாதிமாரை அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலுக்கு வந்த பிள்ளையைப் பதினைந்து நிமிடத்தில் தைத்து வெளியே அனுப்பிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படி இருந்த எங்கள் இடத்துக்கு, சண்டைக் காலத்தின் நடுவில், ஒரு பெண் டொக்டர் வந்து சேர்ந்தார். சிங்களவர். என்னைவிடப் பத்து வயது குறைவு. வெளிநாட்டில் படித்துவிட்டு, எல்லோரும் போய்க்கொண்டிருந்த காலத்தில் திரும்பி வந்தவர். தமிழ் கதைப்பார்; பிழை பிழையாக, ஆனால் வெட்கப்படாமல் கதைப்பார். முதல் நாளே நான் ஒரு பிள்ளையைச் சுற்றுவதை நின்று பார்த்தார். தைத்து முடிந்து கை கழுவும்போதுதான் கேட்டார்.

“மிஸ்ஸிக்குப் பிள்ளைங்க இருக்கா?”

“மூணு பேர், மெடம்.”

“யாருக்காவது தைச்சிருக்கா?”

“சின்னவனுக்கு. நாடியில நாலு இழை.”

“யாரு புடிச்சது?”

எனக்குச் சுருக்கென்றது. “நான் இல்ல, மெடம். நான் வெளியில நின்னேன்.”

“ம்ம்,” என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வேலை முடிந்து வீட்டுக்குக் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் போகும்போது முழு வழியும் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே போனேன். அடுத்தவர் பிள்ளையைப் பிடிக்கலாம், தன் பிள்ளையைப் பிடிக்க முடியாது, இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, இதில் என்ன கேள்வி என்று.

அடுத்த வாரம் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு மண்ணிறப் போத்தல் வந்தது. டொக்டர் எழுதிக் கொடுத்தபடி, எங்கள் மருந்தாளர் மூன்று மருந்துகளை அளந்து ஒரு பசையில் கலந்து செய்த ஜெல். பஞ்சில் எடுத்துக் காயத்தில் வைத்து ஒட்டிவிட வேண்டும். ஊசி இல்லை. விரல் நுனி, மூக்கு நுனி, காது இவற்றில் வைக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவில் ஒட்டினார். வைத்த பிறகு அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். காயத்தைச் சுற்றித் தோல் வெளுக்கும். இரத்தம் அங்கிருந்து விலகுவதால் வருகிற வெளுப்பு. அதைக் கண்ட பிறகு தொட்டுப் பார்த்துத்தான் தைக்கலாம்.

“அரை மணித்தியாலமா? அதுக்குள்ள நான் ரெண்டு பேரைத் தைச்சு அனுப்பிருவேனே மெடம்,” என்றேன்.

“தெரியும் மிஸ்ஸி. ரெண்டு பேரும் கத்துறது வெளியில காலிக்குப் போற வீதி வரைக்கும் கேக்குது.”

எனக்கு வாய் நீளம். ஆனால் அந்த மனுஷியிடம் மட்டும் அது எடுபடவில்லை.

முதலாவதாக அந்த ஜெல் வைத்தது ஒரு பையனுக்கு. தலையில் வெட்டு. அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் தைக்கும்போது அவன் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவன் கொஞ்சம் மந்தமான பிள்ளை போல என்று நான் நினைத்தேன். இரண்டாவது பிள்ளையும் அப்படியே படுத்திருந்தது. இந்த வாரம் மந்தமான பிள்ளைகளாக வருகின்றன என்று நினைத்தேன். மூன்றாவதாக வந்தது எங்கள் தெருக்காரரின் மகள். அவள் மந்தமில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதன் பிறகுதான் வாயை மூடினேன்.

ஆனால் வாயை மூடியவளுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வரவில்லை. அந்தக் காலத்துக் கொழும்பில் காத்திருக்காதது எது? வெள்ளவத்தை முழுக்கக் காத்திருந்தது. விசாவுக்கு, டெலிபோன் அழைப்புக்கு, பொலிஸ் பதிவுக்கு. அப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு, நான் நாலு நிமிடத்துக்கு ஒருதரம் பஞ்சைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். “மிஸ்ஸி, சோறு அவியுதா பாக்கிற மாதிரி பாக்க வேணாம்,” என்று டொக்டர் எத்தனையோ தரம் சொல்லியிருப்பார். கேட்டால்தானே!

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது ஒரு காலை நேரத்தைப் பற்றி.

ஒன்பது மணி இருக்கும். ஒரு தாயும் ஏழு வயதுப் பெண் பிள்ளையும் வந்தார்கள். மயூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சட்டை, புதுச் சப்பாத்து, இரட்டைப் பின்னல். தலையைச் சுற்றி ஒரு கைலேஞ்சியைப் பட்டிபோல் கட்டியிருந்தது. தாயின் கக்கத்தில் ஒரு பைல். கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் வழி தவறி வந்ததாகத்தான் நினைத்தேன். தாய் கைலேஞ்சியை அவிழ்த்தபோது, முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நெற்றியில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்த காயம். லொட்ஜ் அறையில் புதுச் சப்பாத்துச் சறுக்கி இரும்புக் கட்டில் மூலையில் அடிபட்டிருக்கிறாள்.

“மிஸ்ஸி, கெதியாச் செய்து தாங்கோ. பத்து மணிக்கு எம்பசி கேற்றடியில நிக்கோணும். பத்துக்குப் பிறகு உள்ள விடமாட்டாங்கள்,” என்றார் தாய்.

கணவர் கனடாவில். ஐந்து வருடமாகிறது. அவர் இவர்களைக் கூப்பிட அங்கிருந்து விண்ணப்பித்து, இவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் ஏழு மாதம் இருந்து, கடைசியில் கிடைத்த விசா நேர்முகம் அன்றைக்கு. அதைத் தவறவிட்டால் இனி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. வெள்ளவத்தையிலிருந்து எம்பசி இருந்த கொள்ளுப்பிட்டி எவ்வளவு தூரம் என்று நீங்கள் கேட்பீர்கள். இன்றைக்கு ஒன்றுமில்லை. அன்று வழியில் எத்தனை இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பது இருபத்தைந்துக்காவது பஸ் ஏற வேண்டும்.

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“நோகுமோ?” என்றாள்.

“இல்ல ராசாத்தி. இந்த மருந்து வெச்சா நோகவே நோகாது.”

“பிடிப்பீங்களோ?”

“பிடிக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா.”

அவள் தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்தாள். நான் காயத்தைக் கழுவி, ஜெல் வைத்து ஒட்டினேன். கழுவினேன் என்று சொல்கிறேனே, காயத்தை மட்டும்தான் கழுவினேன். சுற்றியுள்ள தோலை நனைத்துத் துடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தாய் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார், நானும் அவரோடு சேர்ந்து பார்க்கிறேன். அந்தத் தாயின் அவசரம் என் அவசரமாகிவிட்டது. அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நம்முடைய வேலையில் பெரிய பிழைகள் இப்படி இரக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன; சோம்பலில் வருகிற பிழைகள் சின்னவை.

பதினைந்து நிமிடம் ஆனதும் பஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். காயத்தைச் சுற்றி வெள்ளை! அழகான வட்டமாக வெள்ளை. ஆ, இந்தப் பிள்ளைக்குச் சுறுக்காகப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“மெடம், வெள்ளை வந்துட்டுது!” என்று குரல் கொடுத்தேன்.

“நேரம் போதாதே மிஸ்ஸி?”

“நல்லா வந்திருக்கு மெடம். நான் பாத்தேன்.”

“தொட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்,” என்றேன். பஞ்சை எடுக்கும்போது விரல் பட்டது, பிள்ளை அசையவில்லை. அதைத்தான் தொட்டுப் பார்த்ததாகச் சொன்னேன். டொக்டர் என் சொல்லை நம்பி ஊசி நூலை எடுத்தார்.

ஊசி தோலுக்குள் போனதும் அந்தப் பிள்ளை எழுப்பிய சத்தம் இருக்கிறதே! நான் கேட்காத அலறலா? எத்தனையோ கேட்டவள். இது வேறு. அதில் நோவு பாதி, மற்றப் பாதி என்னைப் பற்றியது. கட்டிலில் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நோகாதெண்டு சொன்னனீங்கள்!”

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். ஈரத்துணி எடுத்து, “பயவென்ன எப்பா,” பயப்படாதே என்று மெல்லச் சொல்லி, பிள்ளையின் கையை விலக்காமலே விரல்களுக்கிடையில் நெற்றி ஓரத்தைத் துடைத்தார். துணியைப் பார்த்தார். மணந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“மிஸ்ஸி, இது பவுடர்.”

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. முகத்துக்குப் போடுகிற பவுடர்! நம் பிள்ளைகள் எங்கே வெளிக்கிட்டாலும் முகத்தில் ஒரு பூச்சுப் பவுடர் இருக்கும். பவுடர் இல்லாமல் வந்த பிள்ளையைத்தான் நான் கவனித்திருப்பேன். இருந்தாலும், நெற்றி பிளந்து இரத்தம் ஓடும் பிள்ளைக்கு யாராவது பவுடர் போடுவார்களா?

தாயிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

“ரத்தத்தோட எப்பிடி மிஸ்ஸி கூட்டிக்கொண்டு வாறது?” என்றார் அவர். “லொட்ஜ் மூலையில ஆமிச் சென்றி நிக்குது. காயத்தோட ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் கண்டா என்ன காயம், எங்க பட்டது, எந்த லொட்ஜ், ஆர் ஆர் இருக்கிறியள் எண்டு ஒரு மணித்தியாலம் மறிச்சு வைச்சிருப்பாங்கள். அதுதான் கழுவி, சட்டை மாத்தி, பவுடர் பூசி, லேஞ்சியைக் கட்டிச் சிரிக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

பிள்ளை சிரித்துக்கொண்டே காவலைத் தாண்டி வந்திருக்கிறாள். அந்த நெற்றியோடு. எனக்கு அந்தத் தாய்மேல் வைத்த கோபம் அப்படியே வடிந்துபோனது. பிழை முழுவதும் என்னுடையது. கழுவும்போது ஒரு முறை துடைத்திருந்தால் தெரிந்திருக்கும். வெள்ளை வேண்டும் என்று அவசரப்பட்டேன், எனக்கு ஒரு வெள்ளை கிடைத்தது.

மணி ஒன்பது இருபத்தெட்டு.

தாய் பைலைக் கதிரையில் வைத்துவிட்டு முன்னே வந்தார். “அமத்திப் பிடிச்சுத் தையுங்கோ மிஸ்ஸி. அஞ்சு நிமிஷம்தானே. கத்தட்டும். நானே பிடிக்கிறன்,” என்று பிள்ளையின் தோள்களைப் பிடித்தார்.

உண்மையைச் சொல்கிறேன், என் கைகள் விரிப்பை எடுக்கப் போய்விட்டன. பதினெட்டு வருடப் பழக்கம். ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். அவர்கள் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பிள்ளை தாயைப் பார்த்தாள். கத்தவில்லை, திமிறவில்லை. சும்மா பார்த்தாள். தாயின் கைகள் தோளிலிருந்து கழன்று விழுந்தன. கட்டில் ஓரத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

“ரெண்டு வருஷத்துக்கு முந்தி செல் விழுந்து வெடிச்சு, இவளுக்குக் காலில துண்டு பட்டது,” என்றார். “ஆஸ்பத்திரியில விறைக்கிற மருந்து முடிஞ்சுபோச்சு. நாலு பேர் பிடிச்சுத் தைச்சவை. தலையை நான் பிடிச்சனான். அதுக்குப் பிறகு ஒரு மாதம், என்ர கையைக் கண்டா ஒதுங்குவாள் மிஸ்ஸி. சீப்பால தலை இழுக்க விடமாட்டாள். சோறு தீத்த விடமாட்டாள்.”

டொக்டர் ஒரு வழி சொன்னார். இப்போதைக்குக் கட்டுப் போட்டு அனுப்பலாம், நேர்முகம் முடிந்து பின்னேரம் வரட்டும், அப்போது ஆறுதலாகத் தைக்கலாம். நல்ல வழிதான். நானாயிருந்தால் அதைத்தான் பிடித்திருப்பேன். தாய் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

“இப்ப இப்பிடியே கூட்டிக்கொண்டு போனா, இவள் இனி ஒரு ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கமாட்டாள். பின்னேரம் நானும் நீங்களும் சேந்து அமத்தித்தான் பிடிக்கோணும்.” மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்தார். “திரும்ப வையுங்கோ. காத்திருக்கிறன். கேற் பூட்டினா பூட்டட்டும்.”

ஏழு மாதம் லொட்ஜில் இருந்த மனுஷி அதைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு அந்த நிலைமையை உண்டாக்கியவள் நான்.

டொக்டர் பிள்ளையின் நிறையைக் கேட்டு, இன்னும் எவ்வளவு ஜெல் வைத்தால் ஆபத்தில்லை என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். ஆனால் வைப்பதற்குப் பிள்ளை நெற்றியைக் காட்ட வேண்டுமே! கையை எடுக்க மாட்டேன் என்கிறாள். என்னைக் கண்டாலே சுவருக்குள் புகுந்துவிடுவாள் போல இருக்கிறாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினேன். அவளுடைய முகம் எனக்கு மேலே இருந்தது.

“பிள்ளை, நான் பிழை விட்டுட்டேன். அம்மா போட்ட பவுடரைப் பாத்துட்டு மருந்து வேலை செய்யுது எண்டு நினைச்சேன். வடிவாத் தொட்டுப் பாக்கல்ல. டொக்டர்ட பிழை இல்ல, அம்மாட பிழையும் இல்ல. என்னுடைய பிழை. சொறி.”

பதினெட்டு வருடத்தில் ஒரு பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தரம். மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஊர் முழுக்கச் சண்டை பிடித்து வளர்ந்தவள் நான். ஏழு வயதுப் பிள்ளை முன்னால் குரல் நடுங்கியது.

அவள் யோசித்தாள். பிறகு சொன்னாள்: “இனி நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்லுவன்.”

“என்ன சொல்லுவீங்க?”

“விறைச்சிட்டுதெண்டு. நான் சொன்னாப் பிறகுதான் தைக்கோணும்.”

நான் டொக்டரைப் பார்த்தேன். “ஹரி,” சரி என்றார் உடனே. “அவங்க சொன்னாதான்.”

கை இறங்கியது. இந்தத் தரம் நெற்றி முழுவதையும் நனைத்துத் துடைத்தேன். ஜெல் வைத்தேன். சுவர் மணிக்கூட்டைக் காட்டி, “பெரிய முள்ளு பன்னிரண்டில வந்து நிக்கிற வரைக்கும்,” என்றேன். அவளுக்கு மணி பார்க்கத் தெரியும். அந்த முள்ளை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பஞ்சைத் தூக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட அரை மணித்தியாலத்தை நான் கண்டதில்லை. வெளியே காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பஸ்ஸின் சத்தத்துக்கும் தாய் தலையைத் தூக்கினார்.

“அப்பாக்கு என்னை அடையாளம் தெரியுமோ?” என்று திடீரென்று கேட்டாள் பிள்ளை. “அவருக்கு அனுப்பின போட்டோவில நெத்தியில ஒண்டும் இல்லை.”

அவள் தகப்பனைக் கடைசியாகக் கண்டது இரண்டு வயதில். டெலிபோன் கடையில் குரல் மட்டும் கேட்டிருக்கிறாள். ‘தழும்பே வராது கண்ணு’ என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“சின்னதா ஒரு கோடு இருக்கும்,” என்றேன். “அசையாமப் படுத்தீங்க எண்டா டொக்டர் மெல்லிசாத் தைப்பா. அப்ப கோடும் மெல்லிசா இருக்கும். அப்பா எப்பிடி வந்தது எண்டு கேப்பார். நீங்க சொல்லலாம்.”

அது அவளுக்குப் பிடித்திருந்தது போலும். அப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

பெரிய முள்ளு பன்னிரண்டில் வந்து நின்றது. கேற் பூட்டுகிற நேரம். தாய் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. நான் பஞ்சை எடுத்தேன். அப்போதுதான் உண்மையான வெளுப்பு எப்படி இருக்கும் என்று ஒழுங்காகப் பார்த்தேன். நம் நிறத்துத் தோலில் அது வெள்ளையே இல்லை. மங்கிய சாம்பல் மாதிரி, உயிர் கொஞ்சம் பின்வாங்கியது போல ஒரு வெளிறல். பவுடரை நான் அதற்கு எடுத்துக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கண்ணை நம்பாதீர்கள் பிள்ளைகளே, தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள், தொட்டுப் பாருங்கள்.

இடுக்கியின் மழுங்கிய முனையால் டொக்டர் காயத்தின் ஓரத்தைத் தொட்டார். பிள்ளை யோசித்தாள். “இன்னொருக்கா,” என்றாள். மற்றப் பக்கம் தொட்டார். “அங்க கொஞ்சம் தெரியுது.” டொக்டர் கையை எடுத்துவிட்டார். மூன்று நிமிடம் கழித்துத் திரும்பத் தொட்டார்.

“விறைச்சிட்டுது,” என்றாள் மயூரி.

ஐந்து இழை. விரிப்பு இல்லை, காலில் ஆளில்லை, நெஞ்சில் ஆளில்லை. முதல் இழை போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். இரண்டாவது இழையில் பிள்ளை ஒரு கையை வெளியே நீட்டினாள்.

“அம்மா, கையைத் தாங்கோ.”

அந்தத் தாய் கையைக் கொடுத்தார். இறுக்கிப் பிடிக்கப் பயந்து, உள்ளங்கையை விரித்து வைத்தபடியே கொடுத்தார். பிள்ளைதான் பிடித்துக்கொண்டாள். நான் கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முடிந்தபோது பத்து இருபது. டொக்டர் ஆஸ்பத்திரித் தாளில் எம்பசிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத இருந்தார். பிள்ளைக்கு அவசர சிகிச்சை, அதனால் தாமதம் என்று.

“மெடம், என் பிழையால எண்டு எழுதுங்க,” என்றேன்.

பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “நிச்சயமா?”

“நிச்சயமா. சும்மா அவசர சிகிச்சை எண்டா நூறு பேர் காட்டுவாங்க. ஆஸ்பத்திரி பிழை விட்டது எண்டு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. நம்புவாங்க.”

எழுதினார். தானும் கையெழுத்து வைத்து, என்னையும் வைக்கச் சொன்னார். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் கதைக்கவில்லை. தாயும் மகளும் வெள்ளைக் கட்டோடு பஸ் தரிப்புக்கு ஓடுவதை வாசலில் நின்று பார்த்தேன். அவர்கள் தலை மறைந்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

அடுத்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இழை வெட்ட அவர்கள் வர வேண்டும். வராமலும் இருக்கலாம். எம்பசியில் திருப்பி அனுப்பியிருந்தால் என் முகத்தில் விழிக்க அந்தத் தாய்க்கு விருப்பம் இருக்காது. கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்காரர், “என்ன, வாய் பூட்டிக்கிடக்குது? வருத்தமா?” என்று கேட்டார். அவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் வந்தார்கள். பிள்ளை எனக்கு முன்னால் ஓடிவந்து கட்டிலில் தானாக ஏறிப் படுத்துக்கொண்டாள். காயம் நூல் மாதிரி மெல்லிசாக ஒட்டியிருந்தது. இழை வெட்டி முடிக்கும் வரைக்கும் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கப் பயம். முடிந்த பிறகு தாய்தான் தொடங்கினார்.

பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கேற் பூட்டியிருந்தது. காவலாளியிடம் கடிதத்தைக் கொடுத்து, வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழர் ஒருவர். அந்தப் பெண் கடிதத்தை இரண்டு தரம் வாசித்திருக்கிறார். பிறகு தாயை விட்டுவிட்டு, பிள்ளையிடம் நேராகக் கேட்டிருக்கிறார், மிகவும் நொந்ததா என்று.

“இவள் என்ன சொன்னவள் தெரியுமோ மிஸ்ஸி?” தாய் சொல்லத் தொடங்கிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார். மகளைத் தட்டினார். “நீயே சொல்லு.”

மயூரி நிமிர்ந்து நின்றாள். எம்பசியில் எப்படி நின்றாளோ, அப்படியே நின்றிருப்பாள்.

“முதல் குத்து நொந்தது. அது மிஸ்ஸியின்ர பிழை. அவ சொறி சொன்னவ. பிறகு நான் சொன்னாப் பிறகுதான் தைச்சவை. நோகேல்லை.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பைலைத் திறந்திருக்கிறார். விசா ஒட்டக் கடவுச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி முந்தின நாள் லொட்ஜுக்கு அழைப்பு வந்துவிட்டதாம்.

நான் சிரித்த சிரிப்பில் டொக்டர் தன் அறையிலிருந்து ஓடிவந்தார், யாருக்கோ வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து. எனக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை. மயூரிதான் அவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். என்னைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் எத்தனையோ சான்றிதழ் எழுதித் தந்திருக்கிறார்கள். அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் எனக்கு அப்படி ஒரு பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.